எஃகுக்குள் எட்டிப் பார்த்த ஷெஃபீல்டுக்காரர்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசனில் எந்த மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பக்கம் போனாலும் ஒரு டாப்பிக் கண்டிப்பா கண்ணில் படும்: மெக்னீசியம் அலாய், ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் பிராசசிங், மைக்ரோஸ்ட்ரக்சர், ஹார்ட்னெஸ். எங்க பேட்ச்சிலும் இருக்கு. ஏ.இசட்.91 தகடு ஒன்றை மில்லிங் மெஷினில் இறுக்கி, சுழலும் ஸ்டீல் டூல் ஒன்றை அதன் மேல் அழுத்தி ஓட்டுவாங்க. அப்புறம் அந்த இடத்தை அறுத்து, எமரி ஷீட்டில் தேய்த்து, பாலிஷ் பண்ணி, அமிலம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. கடைசியா விக்கர்ஸ் மெஷினில் குத்திப் பார்த்து ஒரு நம்பர் எழுதுவாங்க.

இதில் டூலை ஓட்டும் வேலை 1990களில் வந்தது. ஆனால் அறுப்பது, தேய்ப்பது, அமிலம் போடுவது, பார்ப்பது என்ற வரிசை இருக்கே, அதை உலோகத்துக்கு முதன்முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியது 1863-ல், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில், எந்தக் கல்லூரியிலும் படிக்காத ஒரு மனிதர். பெயர் ஹென்றி க்ளிஃப்டன் சோர்பி. மெட்டலர்ஜி புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இருக்கும், நாம அதைத் தாண்டிப் போயிருப்போம். அவர் வேலை செய்தது கல்லிலும் எஃகிலும்தான், மெக்னீசியத்தில் இல்லை. ஆனாலும் அந்த டூலுக்கு அடியில் மெக்னீசியத்துக்கு என்ன ஆகிறது என்று புரிய வேண்டுமானால் இவரிடம்தான் போகணும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சோர்பி பிறந்தது 1826 மே 10. ஷெஃபீல்ட் என்றால் கத்தி, கத்தரி, உளி, ரம்பம். ஊரே எஃகுதான். சோர்பி குடும்பமும் தலைமுறை தலைமுறையாக வெட்டும் கருவிகள் செய்து விற்றவர்கள். பையன் உள்ளூர்ப் பள்ளியில் படித்தான், பிறகு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர். பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஓர் அறிவியல் புத்தகம்தான் அவனை இந்தப் பக்கம் இழுத்தது என்பார்கள்.

அவருக்கு 21 வயது இருக்கும்போது அப்பா இறந்தார். நம்ம வயசு. கையில் ஓரளவு சொத்து, உட்கார்ந்து சாப்பிடப் போதும். தொழிலைப் பெருக்கலாம், பல்கலைக்கழகம் போகலாம். அவர் இரண்டையும் விட்டுவிட்டு, வீட்டிலேயே ஒரு லேபும் பட்டறையும் அமைத்து, அம்மாவோடு இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்வது என்று முடிவெடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்துக்காக எங்கும் வேலை பார்க்கவில்லை. தேர்வுக்காகப் படிப்பது அவருக்குப் பிடிக்காது.

இதைக் கேட்டவுடனே ஆஹா, ப்ளேஸ்மென்ட் வேண்டாம், பேஷன்தான் முக்கியம் என்று ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அவருக்குச் சொத்து இருந்தது. அதே ஷெஃபீல்டில், அதே கருவித் தொழிலில், சாணைக் கல்லில் கத்தி தீட்டிய தொழிலாளிகள் கல்தூசியை மூச்சில் இழுத்து இளம் வயதிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். சோர்பிக்குக் கிடைத்த ஓய்வு நேரம் அந்தத் தொழிலில் இருந்து வந்த பணம். அதையும் தெரிந்துகொண்டே அவரைப் பாராட்டலாம் என்பது என் கருத்து. ஏன்னா அதே மாதிரி பணம் கிடைத்த மற்றவர்களில் பெரும்பாலோர் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை.

முதலில் அவர் பிடித்தது கல்லை. அந்தக் காலத்தில் வில்லியம்சன் என்ற இயற்கையியலாளர் புதைபடிவ மரத்தையும் பல்லையும் கண்ணாடி போல மெலிதாகத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். சோர்பி அவரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். கற்றதும் அவருக்குத் தோன்றிய கேள்வி எளிமையானது: இதையே ஏன் சாதாரணப் பாறைக்குச் செய்யக்கூடாது? 1849 வாக்கில் பாறைத் துண்டுகளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்து ஸ்லைடு செய்ய ஆரம்பித்தார். மலையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறாராம் என்று பெரிய ஜியாலஜிஸ்ட்கள் சிரித்தார்கள். அவங்க பார்வையில் ஜியாலஜி என்றால் சுத்தியலோடு மலை ஏறுவது. மேஜையில் உட்கார்ந்து ஒரு துளியைப் பார்ப்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

அவர் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. 1853-ல் ஒரு நல்ல விஷயத்தைப் பிடித்தார். ஸ்லேட் பாறை ஏன் ஏடு ஏடாகப் பிரிகிறது? அப்போது இதற்கு ஏதேதோ விளக்கம் இருந்தது, மின்சாரத்தைக் கூடக் காரணம் சொன்னார்கள். சோர்பி ஸ்லைடில் பார்த்தபோது பாறைக்குள் இருந்த நுண்ணிய தகட்டுத் துகள்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. அவர் களிமண்ணில் இரும்பு ஆக்ஸைடு செதில்களைக் கலந்து அழுத்திப் பார்த்தார். தாறுமாறாகக் கிடந்த செதில்கள் அழுத்தத்துக்குக் குறுக்காகத் திரும்பி வரிசையாகப் படுத்துக்கொண்டன. பாறையும் அப்படி நசுங்கியதுதான், அதனால்தான் ஏடாகப் பிரிகிறது. இந்தச் செதில் சமாசாரத்தை மனசில் வச்சுக்கோங்க, மெக்னீசியத்துக்கு வரும்போது தேவைப்படும்.

1857-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது, வயது 31. அடுத்த வருஷம், படிகத்துக்குள் சிக்கிய திரவத் துளியையும் அதில் மிதக்கும் குமிழியையும் வைத்து அந்தப் படிகம் எவ்வளவு சூட்டில் உருவானது என்று கணக்குப் போடலாம் என்று காட்டினார். கல்லின் கடந்தகாலம் கல்லுக்குள்ளேயே எழுதியிருக்கு, படிக்கத் தெரியணும் அவ்வளவுதான். அவர் வாழ்க்கை முழுக்கச் செய்தது இந்த ஒரே வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உலோகத்துக்கு வந்தது ஒரு சுற்றுவழி. விண்கற்கள் மேல் ஆர்வம் வந்தது. சில விண்கற்களில் இரும்பு இருக்கும். அமிலம் பட்டால் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும், விட்மான்ஸ்டாட்டன் அமைப்பு என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள, மனிதன் செய்த இரும்பையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். ஊரே இரும்பு செய்கிற ஊர், சாம்பிளுக்கா பஞ்சம்!

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கல்லை மெலிதாகத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். எஃகை எவ்வளவு தேய்த்தாலும் ஊடுருவாது. அப்போ மேலிருந்து ஒளி விழுந்து திரும்பி வரணும். அதற்கு ஏற்ற மாதிரி சின்னப் பிரதிபலிப்பான்களை மைக்ராஸ்கோப்பில் பொருத்தினார். அடுத்த சிக்கல் மேற்பரப்பு. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் மேலே ஒரு படலம் இழுபட்டு உண்மையான அமைப்பை மூடிவிடும். கத்தி மாதிரி பளபளப்பாக இருக்கும், உள்ளே எதுவும் தெரியாது. அதனால் படிப்படியாக நயமான எமரி, கடைசியில் ரூஜ் என்கிற சிவப்பு இரும்பு ஆக்ஸைடு பொடி என்று பொறுமையாகப் பாலிஷ் செய்தார். பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம், மிக லேசாக.

பாலிஷ் பெரிய விஷயமா என்று கேட்டால், மெக்னீசியம் பாலிஷ் பண்ணினவங்களைக் கேளுங்க. மென்மையான உலோகம், எமரி துகள் உள்ளேயே பதிந்துகொள்ளும். அழுத்தித் தேய்த்தால் தேய்த்ததாலேயே ட்வின் என்கிற கோடுகள் உருவாகி, அது ப்ராசசிங்கில் வந்ததா எமரியில் வந்ததா என்று குழப்பும். தண்ணீர் பட்டால் கறுத்துப் போகும், அதனால் கடைசிக் கட்டத்தில் ஆல்கஹால்தான். எட்சன்டில் பிக்ரிக் அமிலம் இருக்கும், அது காய்ந்தால் வெடிபொருள், எப்போதும் ஈரமாகவே வச்சிருக்கணும். பொருள் மாறினாலும் சோர்பி போட்ட விதி அப்படியேதான் இருக்கு: நீங்க பார்ப்பது உலோகத்தையா, உங்க கைவேலையையா என்பதை முதலில் முடிவு பண்ணுங்க.

1863-ல் இப்படி எஃகு முதன்முறையாகத் தன் உள்ளமைப்பைக் காட்டியது. ஒரே பொருள் என்று எல்லாரும் நினைத்த எஃகுக்குள் பல பொருட்கள், எல்லை போட்ட படிகங்கள், நடுவே கசடு. 1864-ல் பாத் நகரத்தில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் படங்களோடு காட்டினார். ஆழமாக அரித்த எஃகின் மேல் மை தடவி, அச்சுக்கட்டை மாதிரி நேராகவே காகிதத்தில் பதித்த படங்களும் அவரிடம் இருந்தன.

பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய 20 வருஷம் ஒருத்தரும் சீந்தவில்லை. ஷெஃபீல்டில் பெஸிமர் எஃகு டன் டன்னாக ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது. ரயில் அச்சுகள் உடைந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். உடைந்த அச்சைப் பார்த்தவர்கள், முறிந்த இடம் மினுமினுப்பதைக் கண்டு, நார் நாராக இருந்த இரும்பு அதிர்ந்து அதிர்ந்து படிகமாக மாறிவிட்டது என்று நம்பினார்கள். உலோகம் எப்போதுமே படிகம்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி சோர்பியின் மேஜை மேல் கிடந்தது. விபத்துக்குக் காரணம் தேட ரயில் தண்டவாளத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அவரும் சண்டை போடவில்லை, விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். மைக்ராஸ்கோப்போடு ஸ்பெக்ட்ராஸ்கோப்பைச் சேர்த்து ரத்தக்கறையைக் கண்டுபிடிக்கும் முறை, இலையுதிர் கால இலைகளின் நிறம், பறவை முட்டை ஓட்டின் நிறம் என்று போய்க்கொண்டே இருந்தார். ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்து எஃகையே பிடித்துக்கொண்டிருந்தால் உலோகவியல் 20 வருஷம் முன்னாடி போயிருக்குமே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. ஆனால் கூலியும் கட்டாயமும் இல்லாமல் ஆர்வத்துக்காகவே வேலை செய்கிற ஆள் இப்படித்தான் இருப்பார்.

ஜெர்மனியில் அடோல்ஃப் மார்ட்டென்ஸ், பிரான்ஸில் ஃப்ளோரி ஓஸ்மான் ஆகியோர் இதே திசையில் இறங்கிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1880களின் நடுவில் அயர்ன் அண்ட் ஸ்டீல் இன்ஸ்டிட்யூட் அவரைக் கூப்பிட்டது. 60 வயதை நெருங்கிய மனிதர் பழைய சாம்பிள்களையே வெளியே எடுத்தார், இந்த முறை 650 மடங்கு பெரிதாக்கி. முத்துச் சிப்பி போல நிறம் காட்டிய ஒரு பகுதி, மென்மையான இரும்பும் கடினமான கார்பைடும் ஏடு ஏடாக மாறி மாறி அடுக்கியது என்று தெரிந்தது. நீங்க செகண்ட் இயர் லேபில் வரைந்த பெர்லைட் இதுதான், அந்த முத்து நிறத்தால்தான் அந்தப் பெயர்.

ஆனால் நம்ம கதைக்கு முக்கியமானது 1887-ல் வெளியான அந்தக் கட்டுரையின் இன்னொரு பகுதி. குளிர்ந்த நிலையில் அடித்து நசுக்கிய இரும்பைச் சோர்பி பார்த்தார். கிரெய்ன்கள் நீண்டு, நசுங்கிக் கிடந்தன. அதையே சூடாக்கிப் பார்த்தார். நீண்ட கிரெய்ன்கள் காணோம், அந்த இடத்தில் எல்லாப் பக்கமும் ஒரே அளவான புதுக் கிரெய்ன்கள். நசுங்கிய நிலை நிலையற்றது, சூடு கிடைத்ததும் உலோகம் பழைய கிரெய்ன்களைக் கைவிட்டுப் புதிதாகப் படிகமாகிறது என்று விளக்கினார். உருகவே இல்லை, திடமாக இருந்தபடியே மறுபிறவி. ரீக்ரிஸ்டலைசேஷன் என்று நாம் சொல்வதற்கு இதுதான் தொடக்கம்.

இப்போ அந்தச் சுழலும் டூலுக்கு அடியில் போவோம். ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் 1991-ல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்தது. இரண்டு தகடுகளை ஒட்டுவதற்குப் பதில், ஒரே தகட்டின் மேற்பரப்பை மாற்ற அதே டூலை ஓட்டினால் அது ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் பிராசசிங். டூலின் தோள்பட்டை மேலே உரசிச் சூடாக்கும், நடுவில் இருக்கும் பின் உள்ளே இறங்கிக் களி கிளறுவது மாதிரி உலோகத்தைக் கிளறும். உருகாது. ஆனால் பயங்கரமாக உருக்குலையும். சோர்பி முதலில் நசுக்கி, பிறகு சூடாக்கினார். இங்கே நசுக்கலும் சூடும் ஒரே நேரத்தில் நடக்கிறது, கிரெய்ன் உருக்குலையும்போதே புதுக் கிரெய்ன் பிறக்கிறது. டைனமிக் ரீக்ரிஸ்டலைசேஷன் என்பது இதுதான்.

ஏ.இசட்.91-ல் சுமார் 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம். வார்த்த நிலையில் கிரெய்ன்கள் பெரியவை, 100 மைக்ரான் அளவுக்கும் இருக்கும். அவற்றின் எல்லை நெடுக, 17 மெக்னீசிய அணுவுக்கு 12 அலுமினிய அணு என்ற கணக்கில் சேர்ந்த ஒரு நொறுங்கும் பொருள் வலை மாதிரி ஓடும். விரிசலுக்கு அதுதான் ராஜபாட்டை. டூல் ஓடிய பிறகு அந்த வலை உடைந்து சிதறும், ஒரு பகுதி மெக்னீசியத்திலேயே கரையும். கிரெய்ன்கள் சில மைக்ரானுக்குச் சுருங்கும். கிரெய்ன் சிறுத்தால் எல்லைகள் அதிகம், நழுவலுக்குத் தடை அதிகம், கடினம் கூடும். ஹால்–பெட்ச் உறவு என்று படித்திருப்பீர்கள். மெக்னீசியத்தின் அறுகோணப் படிகத்தில் அறை வெப்பத்தில் எளிதாக நழுவும் தளங்கள் குறைவு என்பதால், அலுமினியத்தை விட இங்கே இந்த விளைவு பலமாகத் தெரியும்.

ஆனால் டூலை வேகமாகச் சுழற்றினால் ஹார்ட்னெஸ் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்தால் மாட்டிக்குவீங்க. சுழற்சி கூடினால் சூடும் கூடும். மெதுவாக நகர்த்தினால் அந்தச் சூடு அங்கேயே தங்கும். பிறந்த குட்டிக் கிரெய்ன்கள் அந்தச் சூட்டில் ஒன்றையொன்று விழுங்கி மறுபடி பெரிதாகும், நம்பர் இறங்கும். ஏற்கெனவே உருட்டித் தகடாக்கிய ஏ.இசட்.31 மாதிரி அலாயில் தொடக்கத்திலேயே கிரெய்ன் சின்னது என்பதால் ஹார்ட்னெஸ் அதிகம் மாறாமலும் போகும், சில நேரம் குறையவும் செய்யும். இன்னொன்று, அந்தக் களிமண் செதில்கள். கிளறும்போது மெக்னீசியப் படிகங்களின் அடித்தளங்கள் பின்னின் பரப்பை ஒட்டி வரிசையாகத் திரும்பிக்கொள்கின்றன. அதனால் கிரெய்ன் அளவு ஒன்றே ஆனாலும் ஒரு திசையில் இழுத்தால் ஒரு வலிமை, வேறு திசையில் வேறு. 1853-ல் செதில்கள் திரும்பிப் படுத்த அதே கதை, காரணம் நசுக்கலுக்குப் பதில் கிளறல்.

அதனால்தான் ஹார்ட்னெஸ் நம்பரை மட்டும் டேபிளில் போட்டுவிட்டு, ஒரே ஒரு மங்கலான போட்டோவை ஒப்புக்குச் சேர்க்கும் ரிப்போர்ட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நம்பர் என்ன ஆச்சு என்று சொல்லும், ஏன் ஆச்சு என்று சொல்லாது. விக்கர்ஸ் சோதனையும் ஷெஃபீல்டில் தோன்றிய விக்கர்ஸ் நிறுவனத்தில் 1920களின் தொடக்கத்தில் வந்ததுதான். குத்தும் கருவிக்கும் பார்க்கும் முறைக்கும் ஒரே ஊரோடு தொடர்பு உண்டு. இரண்டையும் பிரிச்சு வைக்கிறது நாமதான்.

சோர்பியின் மீதி வாழ்க்கை கடலில் போனது. 1874-ல் அம்மா இறந்ததும், வீட்டைக் கட்டிப்போட்ட கயிறு அறுந்தது மாதிரி ஆகிவிட்டது. க்ளிம்ப்ஸ் என்று ஒரு படகு வாங்கி, கோடை முழுக்க இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் சுற்றினார். தேம்ஸ் நதியில் லண்டன் கழிவு எப்படிப் போகிறது என்று அரசுக் குழுவுக்காக அளந்து கொடுத்தார். கடல் உயிரினங்களைக் கண்ணாடியில் பதித்து ஸ்லைடுகள் செய்தார். ஊரில் ஃபிர்த் காலேஜின் தலைவராகப் பல வருஷம் இருந்தார். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்காத அந்த மனிதர் வளர்த்த கல்லூரி 1905-ல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் பகுதியாக ஆனது. கடைசி வருஷங்களில் உடம்பு பாதி செயலிழந்து வீட்டோடு கிடந்தார். அப்போதும் பாறைகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். 1908 மார்ச் 9-ல், 81 வயதில் இறந்தார். அந்தக் கட்டுரை அதே வருஷம் அச்சில் வந்தது. தன் பணத்தில் ஒரு பகுதியை ஜியாலஜி பேராசிரியர் பதவிக்கும் ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கும் எழுதி வைத்திருந்தார்.

மிக நுண்ணிய பெர்லைட்டுக்கு ஓஸ்மான் வைத்த சோர்பைட் என்ற பெயர் இப்போது பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. நிலவில் ஒரு நீண்ட மேட்டுக்கு அவர் பெயர் இருக்கிறது. 1963-ல், அவர் முதன்முதலில் எஃகைப் பார்த்த நூறாவது வருஷத்தில், அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் உலோகவியல் வரலாற்றாளர்கள் கூடி அவர் பெயரில் கருத்தரங்கு நடத்தினார்கள். கண்ணாடி மேல் ஒட்டி அவர் கையால் தேய்த்த எஃகுத் துண்டுகள் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டன. பின்னாளில் அவற்றையே எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிரெய்ன் எல்லைகள் தெளிவாகத் தெரிந்தன.